மூக்கு சாட்சியாகாது

சென்னைப் பட்டணத்தில் எனக்கு வேலை கார் ஓட்டுவது. ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று தடவையாவது, முன்பின் தெரியாத ஓர் ஆண்பிள்ளையின் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊதிவிட்டுத்தான் அந்த வேலையைச் செய்ய முடிகிறது. சிவப்புத் தலைப்பாகையும் அரைக்கால் சட்டையுமாக ஒரு பொலிஸ்காரர் நடுத்தெருவில் நின்று கையைக் காட்டுகிறார். நிறுத்துகிறேன். ஜன்னலுக்குள் தலையை விட்டு, "ஊது நைனா" என்கிறார். நான் ஊதுகிறேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் யோசிக்கிறார். என் சொந்த மனைவியே என் வாயருகில் இவ்வளவு நேரம் நின்றதில்லை.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதை வாசிக்கிறவர்கள் சிரிக்கக்கூடும். அங்கே பொழுது சாய்ந்தால் கள்ளுத் தவறணைக்குப் போகிறவர்களுக்கும் கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் ஒரே ஒழுங்கைதான் வழி. இங்கே மதுவிலக்கு வந்துவிட்டது. குடிக்கக் கூடாது, வைத்திருக்கக் கூடாது, கொண்டுபோகக் கூடாது. ஓட்டுகிறவன் குடித்திருந்தாலும் குற்றம், பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறவர் குடித்திருந்தாலும் குற்றம். உடம்புக்கு முடியாது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிப் பர்மிட் எடுத்தவர்கள் மட்டும் தங்கள் வீட்டில் இருந்து மருந்துபோலக் குடிக்கலாம். இந்தச் சட்டம் வந்த பிறகு பட்டணத்தில் சுகமில்லாத பெரிய மனிதர்களின் தொகை கூடிவிட்டது என்று சொல்கிறார்கள். மண்ணடியிலும் திருவல்லிக்கேணியிலும் அறை எடுத்துத் தங்கியிருக்கும் நம்மவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. அவர்களில் இருவர் ஊதியும் இருக்கிறார்கள்.

நான் இங்கே வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் ஊரில் உள்ளவர்கள் சொல்லிவிடுவார்கள். ஊரில் நான் ஒரு முதலாளியின் புகையிலை லொறி ஓட்டினேன். ஒரு திருவிழா நாள், தவறணையில் இரண்டு முட்டிக் கள்ளுக் குடித்துவிட்டு, புகையிலைச் சிப்பங்களோடு லொறியைக் கோயில் கேணிக்குள் இறக்கிவிட்டேன். வந்த இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு கீறி, அதன்மேல் நட என்றார். நான் கொஞ்சமும் பிசகாமல் நடந்தேன். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். ஆனால் லொறி கேணிக்குள் நின்று எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. லைசென்ஸ் போயிற்று. இனி அந்த நாட்டில் நான் மாட்டு வண்டிதான் ஓட்டலாம். அதனால்தான் கப்பல் ஏறினேன். இங்கே புதிதாகப் பரீட்சை கொடுத்து, புது லைசென்ஸ் எடுத்து, மயிலாப்பூரில் ஒரு வக்கீல் வீட்டில் டிரைவராகச் சேர்ந்தேன். கேணிக் கதையை இங்கே ஒருவருக்கும் சொல்லவில்லை. அன்று தொடங்கி ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவும் இல்லை. இந்த லைசென்சும் போனால் எனக்கு ஸ்டியரிங் பிடிக்க உலகத்தில் மூன்றாவது நாடு கிடையாது.

வக்கீல் ஐயா லஸ்ஸுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறார். பெரிய சட்டப் புலி. மதுவிலக்கை வரவேற்று மயிலாப்பூரில் நடந்த கூட்டத்துக்கு அவர்தான் தலைமை. முக்கால் மணி நேரம் பேசினார். மாலைகளைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, ஒரு வெள்ளைத் தாளைக் கையில் கொடுத்தார். தன் கையாலேயே ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தார்.

"செல்லையா, இனிமே வழியில நிறுத்துவா. ஊதச் சொன்னா ஊது, மரியாதையா ஊது. ஆனா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோ. மூக்கு சாட்சியாகாது. கான்ஸ்டபிளுக்கு வாசனை வந்துதுங்கறதுனால நீ குடிச்சேன்னு ஆயிடாது. டாக்டர் பார்க்கணும். உடனே பார்க்கணும். நாழியாச்சுன்னா நீ குடிக்கலேங்கறதை நீயே நிரூபிக்க முடியாது. அதனால நீயே கேளு, என்னை டாக்டர்கிட்ட அழைச்சுண்டு போங்கோன்னு. வெத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போடாதே. வண்டியைச் சோதனை போடறதுன்னா கௌரவமான மனுஷா ரெண்டு பேர் பக்கத்துல இருக்கணும். பயப்படாதே. பயந்தவனைத்தான் பிடிப்பா."

அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். எனக்கு ஏற்பட்ட பெருமையை எப்படிச் சொல்வது? ஊரில் ஒரு பொலிஸ்காரனுக்கு முன்னால் எனக்கு உரிமை ஒன்று உண்டு என்று யாரும் எழுதித் தந்ததில்லை. கோட்டில் நட என்றார்கள், நடந்தேன், அவ்வளவுதான். இங்கே முன்பின் அறியாத ஊரில் ஒரு பெரிய மனிதர் தன் கைப்பட எழுதித் தந்திருக்கிறார். இரவில் படுக்கும்போதுகூட ஒருமுறை எடுத்து வாசித்துவிட்டுப் படுப்பேன். அவ்வளவும் பாடமாகிவிட்டது.

வக்கீல் ஐயாவுக்கு அடையாற்றில் ஒரு கட்சிக்காரர் இருந்தார். பட்டாளத்தில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்தோடு பங்களா, உடம்புக்காகப் பர்மிட். ஒன்றுவிட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய உயிலை எழுதுவதற்காக ஐயா அங்கே போவார். ஆறு மாதமாக அந்த உயில் எழுதப்பட்டு வந்தது. எழுதச் சொன்னவர் நாளுக்கு நாள் ஆரோக்கியமாகிக்கொண்டிருந்தார். ஐயா ஒவ்வொரு முறையும் வெற்றிலைச் செல்லத்தோடும், கிராம்பு போட்ட சின்ன வெள்ளி டப்பியோடும்தான் புறப்படுவார். எனக்குச் சந்தேகம் வந்ததா என்று கேட்டால், வந்தது. ஆனால் சந்தேகப்படுகிற வேலைக்கு எனக்குச் சம்பளம் இல்லை.

அன்று ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்குக் கடைவாய்ப் பல்லில் உயிர் போகிற வலி. பங்களா வாசலில் இறங்கும்போது ஐயா என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"என்னடா, கன்னம் இப்படி வீங்கிண்டிருக்கு?"

"பல்லுக்குத்து ஐயா. ராத்திரி நித்திரை இல்லை."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று வெள்ளி டப்பியைத் திறந்தார். நான்கு கிராம்பு இருந்தன. நான்கையும் என் உள்ளங்கையில் கொட்டினார். "எல்லாத்தையும் வெச்சுக்கோ. மென்னு முழுங்கிடாதே, அப்படியே பல்லுல அடக்கிக்கோ." இரக்கத்தோடுதான் கொடுத்தார். அதை நான் எந்த நீதிமன்றத்திலும் சொல்வேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு ஐயா வெளியே வந்தார். வாய் நிறைய வெற்றிலை. ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து இறங்கினார். நான் சுண்ணாம்புக் கோட்டில் நடந்த நடையை அவரிடம் கண்டேன். உள்ளே ஏறியதும் கண்ணாடிகளை ஏற்றிவிட்டார். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றுகிறவரிடம் காரணம் கேட்கக் கூடாது. அடையாற்றுப் பாலத்தைத் தாண்டியதும், வழக்கமாக யாரும் நிற்காத இடத்தில் சிவப்புத் தலைப்பாகை நின்றது. பக்கத்தில் மரநிழலில் ஒரு சப்-இன்ஸ்பெக்டர்.

"ஊது நைனா."

ஊதினேன். கான்ஸ்டபிள் யோசிக்கவே இல்லை. துள்ளிப் பின்வாங்கினார்.

"சார்! கிராம்பு வாசனை தூக்கிக்கினு கீது சார்!"

இந்த ஊர்த் தொழில் இரகசியம் எனக்கு அன்றுதான் தெரிந்தது. மதுவிலக்கு வந்த புதிதில் சாராய வாசனையைத் தேடினார்களாம். குடிக்கிறவர்கள் கிராம்பும் ஏலக்காயும் கொய்யா இலையும் கடிக்கத் தொடங்கியபின், சாராயத்தைத் தேடுவதை விட்டுவிட்டுக் கிராம்பைத் தேடுகிறார்களாம். மணக்கிற வாய்தான் மாட்டிக்கொள்ளும் வாய். நானோ நான்கு கிராம்பை ஒரே பல்லில் அடக்கி வைத்திருந்தேன்.

"நான் குடிக்கேல்லை ஐயா. பல்லுக்குத்து. அதுக்குத்தான் கராம்பு வைச்சிருக்கிறன்" என்றேன்.

"பேச்சே குளறுது சார்" என்றார் கான்ஸ்டபிள். "நாக்கு எங்கெங்கியோ போவுது பாருங்க."

என் தாய்மொழியைக் குடிபோதை என்று எழுதிக்கொள்ளப் போகிறார்கள் என்று கண்டதும் எனக்கு ரோசம் வந்துவிட்டது. "குளறேல்லை. நான் யாழ்ப்பாணம். நாங்கள் இப்படித்தான் கதைக்கிறது" என்றேன். கன்னம் வீங்கியிருந்ததால் அது இன்னும் குளறலாகத்தான் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார். என் உரிமைகளுக்கு வேளை வந்துவிட்டது என்று நினைத்தேன். காரிலிருந்து இறங்கி, நிமிர்ந்து நின்று, பாடமாக்கியதைச் சொன்னேன்.

"மூக்கு சாட்சியாகாது ஐயா. உங்கட மூக்கை நான் குறை சொல்லேல்லை. என்னை உடனே டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ. வெறும் பேப்பரிலை கையெழுத்து வைக்க மாட்டன்."

சப்-இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சட்டமெல்லாம் பேசறியே, யார் சொல்லிக் கொடுத்தது?"

நான் செய்த பெரிய பிழை இதுதான். தாளை எடுத்து அவர் கையில் கொடுத்து, "எங்கட ஐயா எழுதித் தந்தது. அவரையே கேளுங்கோ, பின்னாலைதான் இருக்கிறார்" என்றேன். பெருமையோடு சொன்னேன்.

சப்-இன்ஸ்பெக்டர் பின் ஜன்னலருகே போனார். உள்ளே இருப்பது யார் என்று கண்டதும் விறைத்து நின்று சலாம் வைத்தார். கூட்டத்தில் ஐயாவின் பேச்சைக் கேட்டவராம். "சார், நீங்களா? உங்க டிரைவரா? குடிக்கிற பழக்கம் இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார், விட்டுடறேன்."

ஒரே ஒரு வார்த்தை. ஐயாவின் கன்னம் இரண்டும் வெற்றிலையால் உப்பியிருந்தன. கண்கள் சப்-இன்ஸ்பெக்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தன. பிறகு கண்ணாடியை இரண்டு விரல் அகலம் இறக்கி, கையை நீட்டி, அந்தத் தாளை வாங்கினார். பேனாவை எடுத்து அதன் பின்பக்கத்தில் எழுதி நீட்டினார். "இன்று மௌன விரதம்."

வெற்றிலை போட்டுக்கொண்டு மௌன விரதம் இருந்த மகானை நான் அன்றுதான் தரிசித்தேன். சப்-இன்ஸ்பெக்டர் பக்தியோடு தலையை ஆட்டினார். "பரவாயில்லை சார், எழுதியே கொடுங்க. ஆசுபத்திரிக்கு வந்து டாக்டர் முன்னால ஒரு சாட்சிக் கையெழுத்துப் போட்டாப் போதும்."

டாக்டர் என்ற சொல்லைக் கேட்டதும் ஐயாவின் முகம் வெளுத்தது. தாளைத் திரும்ப வாங்கி, கொஞ்ச நேரம் யோசித்து, மூன்று வரி எழுதினார். சப்-இன்ஸ்பெக்டர் அதை உரக்க வாசித்தார். "இவன் சிலோன்காரன். என்னிடம் வேலைக்கு வந்து பதினான்கு மாதம். இவனுடைய பழக்க வழக்கங்களுக்கு நான் பொறுப்பல்ல."

எனக்கு அழுகை வந்தது. பல்வலியால் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது உங்களிடம் அப்படிச் சொல்லவில்லை. பதினான்கு மாதம் ஒவ்வொரு நாளும் அந்த மனிதரின் முதுகுக்குப் பின்னால் நின்று கதவைத் திறந்து மூடியிருக்கிறேன். நான் தேத்தண்ணியும் தண்ணீரும் தவிர வேறொன்றும் குடிக்காதவன் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். கேஸ் எழுதினால் ஊருக்குக் கடிதம் போகும். கேணியிலிருந்து லொறி எழுந்து வரும். அந்தத் தாளின் முன்பக்கத்தில் என் உரிமைகள், பின்பக்கத்தில் நான் யாரோ.

பின் கதவைத் திறந்து, "ஐயாவையும் ஒருக்கால் ஊதச் சொல்லுங்கோ" என்று நான் சொல்லியிருக்கலாம். அதுவும் சட்டத்தில் உள்ளதுதான். ஏன் சொல்லவில்லை என்று நம்மவர்கள் பலமுறை கேட்டுவிட்டார்கள். அவர் தந்த நான்கு கிராம்பும் அப்போதும் என் பல்லில்தான் இருந்தன. அதைவிட வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள். கார் பாதையை மறித்துக்கொண்டு நின்றது. பின்னால் மாட்டு வண்டிகளும் ஒரு பஸ்ஸும். காரை நகர்த்த வேண்டும். கான்ஸ்டபிளுக்கு ஓட்டத் தெரியாது. சப்-இன்ஸ்பெக்டருக்கும் தெரியாது. மௌன விரதக்காரருக்கும் தெரியாது. ஆகவே, குடித்துவிட்டுக் கார் ஓட்டினான் என்று பிடித்தவனையே ஓட்டச் சொன்னார்கள். முதலில் ஐயாவை வீட்டில் இறக்கிவிட்டு, பிறகு ஆசுபத்திரிக்குப் போக வேண்டும். காவலுக்குக் கான்ஸ்டபிள் என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். "பாத்து ஓட்டு நைனா, நானும் புள்ளகுட்டிக்காரன்" என்றார்.

மந்தைவெளி தாண்டும்போது கான்ஸ்டபிள் மூக்கை உறிஞ்சினார். என் பக்கம் திரும்பி உறிஞ்சினார். பிறகு மெதுவாகப் பின்பக்கம் திரும்பினார். கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்த கார், வெயில், உள்ளே இருந்த காற்றுக்குப் போக வழியில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் பாதையைப் பார்த்தேன்.

"இன்னா நைனா இது?" என்று என் காதருகில் கேட்டார். "வாசனை உன்னாண்டேர்ந்து வரல போல கீதே?"

"மூக்கு சாட்சியாகாது அண்ணை" என்றேன்.

அவர் வயிறு குலுங்கியது. சத்தம் வெளியே வராமல் வாயைப் பொத்திக்கொண்டார். "பெரிய மனுசங்க சமாசாரம், நமக்கு இன்னாத்துக்கு?" என்று முணுமுணுத்துவிட்டு, வீடு வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஐயா இறங்கி, எங்களைத் திரும்பிப் பாராமல், வாசல்வரை மிக நேராக நடந்து உள்ளே போனார்.

அரசாங்க ஆசுபத்திரியில் அன்று வேலையில் இருந்தது ஓர் இளம் லேடி டாக்டர், சாந்தோம் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண். கழுத்தில் சின்னச் சிலுவை. என் கண்ணை இழுத்துப் பார்த்தார், நடக்கச் சொன்னார், ஒரு காலில் நிற்கச் சொன்னார், பெயரை எழுதச் சொன்னார். பிறகு வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"யாருங்க இவர் குடிச்சிருக்கார்னு சொன்னது?"

"நான்தான் மேடம்" என்றார் கான்ஸ்டபிள்.

"பல்லுல சீழ் பிடிச்சிருக்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டா தாடை பூரா பரவிடும். குடிக்கலேன்னு எழுதித் தரேன். பல்லைப் பிடுங்கிட்டுத்தான் அனுப்புவேன்."

அப்படியே செய்தார்கள். நான் கேட்ட உரிமை கிடைத்தது. கேட்காத பல்லும் போயிற்று. சர்ட்டிபிகேட்டைப் பார்த்ததும் ஸ்டேஷனில் கேஸ் இல்லை என்று எழுதி, தாளையும் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஊருக்குக் கடிதம் எதுவும் போகவில்லை. வெளியே வந்ததும் கான்ஸ்டபிள் எனக்கு ஒரு சோடா வாங்கித் தந்தார். இரத்தம் கசிந்த வாயோடு அதைக் குடித்தேன். பதினான்கு மாதத்தில் இந்த ஊரில் ஒருவர் எனக்கு வாங்கித் தந்த முதல் பானம் அதுதான்.

மறுநாள் கோர்ட்டுக்குப் புறப்படும்போது வக்கீல் ஐயா தொண்டையைச் செருமினார். விரதம் முடிந்திருந்தது. "பார்த்தியா செல்லையா, சட்டம் உன்னைக் காப்பாத்தித்து." சிறிது பொறுத்து, சாதாரணமாகக் கேட்பதுபோல், "அந்தப் பேப்பர் எங்கே?" என்றார்.

"அது பொலிஸிலை இருக்குது ஐயா. பத்திரமா வைச்சிருக்கினம்" என்றேன். தாள் என் சட்டைப் பையில் இருந்தது. வேண்டுமென்றே சொன்ன பொய். அதற்குப் பிறகு மூன்று மாதம் உயில் வேலை நின்றுபோயிற்று. ஐயாவின் முகமும் தெளிந்து, பத்து வயது குறைந்தவர்போல் ஆனார். வீட்டு அம்மா எனக்கு இரண்டு தோசை கூடப் போடத் தொடங்கினார், காரணம் சொல்லாமல்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உயிலில் கடைசிக் கையெழுத்து வாங்கவேண்டும் என்று மறுபடி அடையாறு போனோம். அன்று அவர் குடித்தாரா என்று என்னைக் கேட்காதீர்கள். திரும்பும்போது பாலத்தில் ஏறுவதற்கு முன்பே, அடையாற்றுக் கரையிலேயே மறித்தார்கள். ஆட்கள் மாறிவிட்டார்கள். சப்-இன்ஸ்பெக்டர் புதியவர், வெளியூர், வக்கீல் ஐயாவை அறியாதவர். நான் ஊதினேன், என் வாயில் ஒன்றும் இல்லை, பல்கூட ஒன்று குறைவு. அவர் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"யார் இவர்? இவரையும் இறங்கச் சொல்லு."

முன் கண்ணாடியில் ஐயாவின் முகம் தெரிந்தது. வெற்றிலை இல்லை, பேனாவை எடுக்கவும் இல்லை. சும்மா என்னைப் பார்த்தார். பழி தீர்க்க இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்காது. தாள் பையில்தான் இருந்தது. பொறுப்பல்ல என்று நானும் சொல்லியிருக்கலாம். பதினான்கு அல்ல, பதினேழு மாதம் என்று திருத்தியும் சொல்லியிருக்கலாம்.

"எங்கட ஐயா. எனக்கு நல்லாத் தெரியும். அப்படியான ஆள் இல்லை. நான் பொறுப்பு" என்றேன்.

"நீ பொறுப்பா? நீ எந்த ஊர்?"

"மயிலாப்பூர்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. சப்-இன்ஸ்பெக்டர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, போ என்று கையைக் காட்டினார்.

காரைக் கிளப்பிப் பாலத்தில் ஏற்றினேன். அடையாற்றுப் பாலத்தில் மயிலாப்பூரை நோக்கிப் போகும்போது வலப்பக்கம் ஆறு கடலில் சேர்வது தெரியும். அந்தக் கடலுக்கு அடுத்த கரையில்தான் எங்கள் ஊர். எப்போதும் அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து ஒருமுறை பார்ப்பேன். அன்று பாலம் முடியும்வரை நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.